வளாகத்தில் சமத்துவப் பொங்கல் நடத்துவது எப்படி: தேதி குறிப்பது முதல் கணக்கு ஒப்படைப்பது வரை

இந்த வழிகாட்டி, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதன்முறையாகப் பொங்கல் விழாப் பொறுப்பை ஏற்கும் மாணவர்களுக்கும் அவர்களுக்குத் துணைநிற்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. முந்நூறு பேர் வரை கூடும் விழாவை மனத்தில் கொண்டு அளவுகள் தரப்பட்டுள்ளன. விழாவுக்கு வராதவர்களில் பெரும்பாலோர் அன்று காலையில் அந்த முடிவை எடுப்பதில்லை. தேதி, வசூல், சாப்பாடு, வேலைப் பங்கீடு ஆகியவை முடிவாகும்போதே அவர்களுக்கு இடமில்லை என்பதும் முடிவாகிவிடுகிறது. ஆகவே மேடையில் யார் பேசுவது என்பதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கீழே உள்ள வரிசையிலேயே வேலைகளைத் தொடங்க வேண்டும். டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்கினால் அவசரமின்றி முடியும்.

1. முதலில் தேதி

தைப்பொங்கல் ஜனவரி 14 அல்லது 15 அன்று வரும். அன்று வளாகம் காலியாக இருக்கும் என்பதால் விழாவை முன்கூட்டியே நடத்துகிறோம். புதியவர்கள் பெரும்பாலும் விடுமுறைக்கு முந்தைய கடைசி வேலைநாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அன்று தென்மாவட்டங்களுக்குப் பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டிய விடுதி மாணவர்கள் பையோடு வந்து, பானை பொங்குவதற்குள் கிளம்பிவிடுவார்கள். கடைசி வேலைநாளுக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ முன்பாக, காலை நேரத்தில் வைப்பதே நல்லது.

தேதி குறிக்கும்போது கல்வி நாட்காட்டியை மட்டும் பார்த்தால் போதாது. வெள்ளிக்கிழமை என்றால், ஜும்ஆ தொழுகைக்குச் செல்பவர்களுக்காக நண்பகல் பன்னிரண்டுக்குள் முக்கிய நிகழ்ச்சிகளை முடித்துவிட வேண்டும். ஞாயிறு காலை என்றால் கிறிஸ்தவ மாணவர்களில் பலர் திருப்பலிக்கோ ஆராதனைக்கோ போயிருப்பார்கள். சபரிமலையில் மகரவிளக்கு ஜனவரி 14 அல்லது 15 அன்று என்பதால், ஐயப்பனுக்கு மாலை போட்ட சிலர் முந்தைய நாட்களிலேயே பயணத்தில் இருப்பார்கள்.

ரமலான் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாட்கள் முன்னால் நகர்ந்து வருகிறது. பிறை தெரிவதைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்றாலும், 2029இல் அது பொங்கலை ஒட்டித் தொடங்கும். 2030இலும் 2031இலும் பொங்கலே நோன்புக் காலத்துக்குள் வரும். அந்த ஆண்டுகளில் விழாவை மாலைக்கு மாற்றி, சூரியன் மறைந்தபின் அனைவரும் ஒன்றாகச் சாப்பிடும்படி அமைக்கலாம். ஜனவரி நடுவில் சென்னையில் சூரிய மறைவு மாலை ஆறு மணியளவில் என்பதால் இதில் பெரிய சிரமம் இல்லை. நோன்பு வைத்தவருக்கு நண்பகலில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்புவதைவிட இது மேலானது.

2. குழுவும் வேலைப் பங்கீடும்

பத்துப் பேருக்கு மேல் போகாத குழு போதும். ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒரே துறை, ஒரே விடுதி, ஒரே நண்பர் வட்டமாக இருக்கக்கூடாது. வெளிமாநில மாணவர் ஒருவர், மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர், வீட்டிலிருந்து வந்துபோகும் மாணவர் ஒருவர், விடுதி உணவகப் பொறுப்பாளர், தூய்மைப் பணியாளர்களின் மேற்பார்வையாளர் ஆகியோர் முதல் கூட்டத்திலேயே இருக்க வேண்டும். முடிவுகள் எல்லாம் எடுத்தபின் ‘உங்கள் கருத்து என்ன’ என்று கேட்டால் அவர்களால் எதையும் மாற்ற முடியாது.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய மிக முக்கியமான வேலை, யார் எதைச் செய்வது என்பதைக் குலுக்கல் முறையில் பிரிப்பது. விருப்பப்படி எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டால், மாணவியர் கோலத்துக்கும் பரிமாறுவதற்கும், மாணவர்கள் ஒலிபெருக்கிக்கும் பந்தலுக்கும் என்று பழைய தடத்திலேயே வண்டி ஓடும். அதைவிட மோசமான ஒன்றும் நடக்கும்: பாத்திரம் கழுவுவதும் இலை எடுப்பதும் எப்போதும் சிலரிடமே போய்ச் சேரும், அந்தச் சிலர் யார் என்று பார்த்தால் ஊர்த் திருவிழாவில் நடப்பதே இங்கும் நடப்பது தெரியும். இலை எடுக்கும் வேலைக்கான பட்டியலில் ஆசிரியர்கள் பெயரும் இருக்கட்டும். பேராசிரியர் ஒருவர் முதல் பந்தியில் இலை எடுத்தால், மற்றவர்களுக்கு அதைப் பற்றித் தனியாக விளக்க வேண்டியிராது.

வளாகத் தூய்மைப் பணியாளர்களும் காவலர்களும் விருந்தினர்கள் என்று அழைப்பிதழில் போட்டுவிட்டு, விழா நேரத்தில் அவர்களைப் பணியில் நிறுத்துவது வழக்கமாக நடக்கும் பிழை. மேற்பார்வையாளருடன் பேசி, அவர்களின் பணிநேரத்தை இரண்டு பிரிவாக்கி, இரு பிரிவினரும் உட்கார்ந்து சாப்பிட நேரம் ஒதுக்கியதை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்றால், அந்த நேரத்துக்கான கூலி பிடிக்கப்படாது என்பதையும் உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

3. பணம்

தலைக்கு இவ்வளவு என்று வசூலிப்பதையும், கொடுத்தவர் பெயரை அறிவிப்புப் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போடுவதையும் தவிர்க்க வேண்டும். கல்வி உதவித்தொகை வந்து சேராத மாதத்தில் இருநூறு ரூபாய்கூடச் சிலருக்குப் பெரிய தொகை. பட்டியலில் தம் பெயர் இல்லாதவர் விழாவுக்கும் வரமாட்டார். மாணவர் நல நிதியிலிருந்து அடிப்படைச் செலவைப் பெற்றுக்கொண்டு, மீதிக்குப் பெயர் கேட்காத உண்டியல் ஒன்றை வைத்தால் போதும்.

வெளியாரிடம் நன்கொடை பெறுவதானால், பணமாக வாங்காமல் அரிசி, வெல்லம், கரும்பு எனப் பொருளாக வாங்குவது நல்லது. கட்சி, சாதிச் சங்கம் ஆகியவற்றின் பதாகையோ சுவரொட்டியோ வளாகத்தில் வரக்கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பணம் வாங்கியபின் இதைச் சொல்ல யாருக்கும் வாய் வராது.

4. அனுமதிகள்

பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதும் ஒரே கடிதத்தில் தேதி, நேரம், இடம், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, விறகடுப்புகளின் எண்ணிக்கை, ஒலிபெருக்கி, வெளியிலிருந்து வரும் கலைஞர்களின் வாகனம் ஆகிய ஏழையும் குறிப்பிடுங்கள். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் கோப்பு திரும்பி வரும்.

ஒலிபெருக்கிக்கு உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகளின்படி கல்வி நிறுவனங்களைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் வரையிலான பகுதி அமைதி மண்டலமாக அறிவிக்கப்படக்கூடியது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை உண்டு. நூலகத்துக்கும் ஆய்வகத்துக்கும் முதுகு காட்டும்படி ஒலிபெருக்கியைத் திருப்பி வைத்தால் பாதிப் புகார்கள் எழாது.

5. இடம்

விளையாட்டு மைதானத்தின் நடுப்பகுதி படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் புழுதி மண்ணில் சக்கர நாற்காலி நகராது. தார்ச்சாலையையோ கல்பாவிய பாதையையோ ஒட்டிய இடத்தைத் தேர்ந்தெடுங்கள். மேடை போட்டால் சாய்தளமும் வேண்டும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் என்பது அதற்கான கணக்கு. இதைச் சொல்லாவிட்டால் பந்தல்காரர் நான்கடிப் பலகை ஒன்றைச் சாய்த்துவைத்துவிட்டுப் போய்விடுவார்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. சாய்தளத்தோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பட்டியலைப் படிக்கக் கொடுக்கலாம். செவித்திறன் குறைந்தவர்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் நிற்கும் இடம் மேடையில் வெளிச்சமான பக்கத்தில் இருக்க வேண்டும். கூட்டமும் பறையொலியும் ஒவ்வாதவர்களுக்காகப் பக்கத்திலேயே ஒரு வகுப்பறையைத் திறந்துவைத்து, அங்கும் உணவு கிடைக்கச் செய்ய வேண்டும். குறைந்தது ஓர் அடுப்பை, உட்கார்ந்தபடியே கிளறும் உயரத்தில் செங்கல் மேடைமேல் அமையுங்கள். கோலப் போட்டிக்கும் அப்படியே: மேசைமேல் வைத்த பலகைகளில் இரண்டு இடங்களை ஒதுக்குங்கள்.

தைக்கு முன் வீசும் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்து வருவதால், அடுப்பு வரிசை பந்திக்கும் விடுதிக்கும் தென்மேற்காக இருக்கட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் புகைக்கு அஞ்சியே விழாவைத் தவிர்க்கிறார்கள். இந்த ஒரு திருத்தத்தால் அவர்களில் பலர் வந்துவிடுவார்கள்.

6. அழைப்பு

அழைப்பைப் படமாக மட்டும் அனுப்பினால் பார்வையற்ற மாணவர்களின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. அதே செய்தியை யூனிகோடு எழுத்தில், தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அனுப்ப வேண்டும். நிகழ்ச்சி நிரல், சாப்பாட்டில் என்னென்ன உண்டு, எங்கே உட்காரலாம், கழிப்பறை எங்கே என்ற நான்கு விவரங்கள் அதில் இருக்கட்டும்.

உடை பற்றி ஒரே வரி போதும்: ‘விரும்பிய உடையில் வரலாம்.’ வேட்டியும் பட்டுப்புடவையும் கட்டாயம் என்று போட்டால், அதை வாங்க முடியாதவர், எந்தப் பட்டியலில் தம்மைச் சேர்ப்பார்கள் என்று தயங்கும் திருநர் மாணவர், மாலை போட்டுக் கறுப்பு உடுத்தியவர் என ஒரு வரியில் மூன்று பேரை இழக்கிறோம்.

அதே வாரத்தில்தான் பஞ்சாபில் லோஹ்ரியும் அசாமில் போகாலி பிஹுவும் கர்நாடகத்திலும் ஆந்திரத்திலும் சங்கராந்தியும் வருகின்றன. அந்த மாநில மாணவர்களுக்கும் அது அறுவடைக் காலத்துப் பண்டிகை. வீட்டை விட்டு விலகியிருக்கும் பண்டிகையும்கூட. அவர்களைப் பார்வையாளர்களாக அழைக்காமல், ஒரு மேசையை அவர்கள் பொறுப்பிலேயே விடுங்கள். கன்னட மாணவர்கள் எள்ளும் வெல்லமும் பகிர்வார்கள். தெலுங்கு மாணவர்கள் அரிசெலு கொண்டுவருவார்கள். அசாமியர் பிட்டா சுடுவார்கள். செலவை விழா நிதியே ஏற்க வேண்டும்.

வெளிநாட்டு மாணவருக்குச் சேலை கட்டிவிட்டு, கையில் கரும்பைக் கொடுத்துப் பத்திரிகைக்குப் படம் எடுக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. அவரை வேலைப் பட்டியலில் சேர்த்தால் படம் தானாகவே கிடைக்கும். எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும்.

7. சாப்பாடு

மண்பானைப் பொங்கலை வைத்தே முந்நூறு பேருக்கும் பரிமாறிவிடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஐந்தாறு பானைகள் விழாவுக்கு. பந்திக்கான உணவு விடுதிச் சமையலறையில் அண்டாவில் வேக வேண்டும். சர்க்கரைப் பொங்கல் தலைக்கு ஒரு கரண்டி என்றால், முந்நூறு பேருக்கு ஏறத்தாழ 8 கிலோ பச்சரிசி, 2 கிலோ பாசிப்பருப்பு, 12 முதல் 14 கிலோ வெல்லம், 2 கிலோ நெய் தேவைப்படும். வெண்பொங்கலுக்கு 20 கிலோ அரிசியும் 6 கிலோ பருப்பும் வைத்துக்கொள்ளலாம்.

உணவுத் தேவைகளை விழாவுக்குப் பத்து நாள் முன்பே கூகுள் படிவத்தில் கேட்டுவிடுங்கள். சாதி, மதம் பற்றிய கேள்வி அதில் வேண்டாம். ‘எதைச் சாப்பிடமாட்டீர்கள்’ என்ற ஒரு கேள்வி போதும். வரும் பதில்களை வைத்துச் சமையல்காரரிடம் சொல்ல வேண்டியவை இவை:

முந்திரியை நெய்யில் வறுத்துத் தனிக் கிண்ணத்தில் வைக்க வேண்டும். பானைக்குள் போட்டுவிட்டால் ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு வழியில்லை. நெய்யும் பாலும் சேர்ப்பதற்கு முன் ஒரு பாத்திரத்தில் எடுத்துவைத்துத் தேங்காய்ப்பால் சேர்த்தால், பால்பொருள் தவிர்ப்பவருக்கும் பொங்கல் உண்டு. சமண மாணவர்கள் கிழங்கு சாப்பிடமாட்டார்கள். பொங்கல் குழம்பில் சர்க்கரைவள்ளியும் சேனையும் தவறாமல் இருக்கும் என்பதால், பூசணியும் அவரையும் மட்டும் போட்ட சிறு குழம்பு ஒன்று வேண்டும். மாலை போட்டவர்களில் சிலர் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. அதே சிறு குழம்பு அவர்களுக்கும் ஆகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனிக் கரண்டி, என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதிய அட்டை ஆகியவை இல்லாவிட்டால் இவ்வளவும் வீண்.

பந்தியில் தனி வரிசை யாருக்கும் வேண்டாம். சிறப்பு விருந்தினருக்கு உள்ளே மேசை, மற்றவர்களுக்கு வெளியே பாய் என்ற ஏற்பாடு, சமத்துவப் பொங்கல் என்ற பதாகைக்குக் கீழேயே நடப்பதைப் பல இடங்களில் பார்க்கலாம். தரையில் உட்கார முடியாதவர்களுக்கான நாற்காலிகளை ஓரத்தில் ஒதுக்காமல் ஒவ்வொரு வரிசையிலும் கலந்து போடுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை உள்ளது. பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பையும் தட்டும் அதில் அடங்கும். வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர் போதும்.

8. பானையும் அடுப்பும்

புதுப் பானையை வாங்கியவுடன் அடுப்பில் ஏற்றினால் விரிசல் விடும். முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் அரிசி களைந்த நீரை ஊற்றி மிதமான தீயில் கொதிக்கவைத்து ஆறவிட வேண்டும். எனவே விழாவுக்கு மூன்று நாள் முன்பே பானை கையில் இருப்பது அவசியம். இரண்டு பானைகளை மிகையாக வாங்குங்கள்.

அடுப்புக்கு மூன்று செங்கல் போதும். ஆனால் அவை ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று தண்ணீர் நிரப்பிய பானையை வைத்துப் பாருங்கள். பானை கிழக்குப் பக்கம்தான் பொங்க வேண்டும் என்பதற்காகச் செங்கலை அளவுக்கு மீறிச் சாய்க்கும் ஆர்வலர்கள் உண்டு. கொதிநீரோடு பானை உருளும் ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அடுப்புக்கு அடுப்பு ஆறடி இடைவெளி விடுங்கள். காய்ந்த சவுக்கு விறகு நன்றாக எரியும். மார்கழிப் பனியில் நனையாதபடி முதல் நாளே விறகை மூடிவைக்க வேண்டும். ஈர விறகு என்றால் மண்ணெண்ணெய் தேடி யாராவது ஓடுவார்கள், அதை அனுமதிக்கக்கூடாது.

நிறைய பேர் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் பாலும் தண்ணீரும் பானையின் கழுத்துவரை இருக்க வேண்டும். குறைவாக ஊற்றினால் பொங்காது. பொங்கி வழிந்தபின் மிகுதி நீரை ஒரு பாத்திரத்தில் முகந்து வைத்துவிட்டு, களைந்த அரிசியையும் பருப்பையும் போடவும். நீர் குறையக் குறைய முகந்ததைத் திரும்பச் சேர்க்கவும். அரிசி விரலால் நசுங்கும் அளவுக்குக் குழைந்தபின்தான் வெல்லம். முன்பே போட்டால் அதற்குமேல் அரிசி வேகாது. எவ்வளவு நேரம் கிளறினாலும் நறுக்கரிசியாகவே நிற்கும். வெல்லத்தைத் தட்டி அப்படியே போடாமல், தனியாகக் கரைத்து வடிகட்டி ஊற்ற வேண்டும். வடிதுணியில் நிற்கும் மண்ணைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

ஒவ்வோர் அடுப்புக்கும் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர். மொத்த வரிசைக்கு ஒரு தீயணைப்பான், அதை இயக்கத் தெரிந்த ஒருவர். தாவணி, துப்பட்டா, சேலைத் தலைப்பு ஆகியவற்றை இடுப்பில் செருகியபின்தான் அடுப்பருகே வரலாம் என்பதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்; நைலான் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

9. அடுப்பு பற்றவைப்பது யார்

‘சுமங்கலிகள் ஐவர் அடுப்பு ஏற்றுவார்கள்’ என்ற வரி நிகழ்ச்சி நிரலில் எப்படியோ நுழைந்துவிடும். அதை நீக்குங்கள். கணவரை இழந்த பேராசிரியரோ அலுவலகப் பணியாளரோ அதைப் படித்துவிட்டு ஓரமாக நிற்க வேண்டிய தேவை ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கக்கூடாது. ஒவ்வோர் அடுப்புக்கும் குலுக்கலில் வந்த மாணவர், ஆசிரியர், பணியாளர் என மூவர் சேர்ந்து ஏற்றினால் போதும்.

சூரியனை வணங்குவதும் கற்பூரம் காட்டுவதும் சிலருக்கு மனநிறைவு. சிலருக்கு அவர்களின் மார்க்கம் இடம்கொடுக்காத ஒன்று. இரண்டையும் மதிக்க எளிய வழி உண்டு. வணங்குகிறவர்கள் அவரவர் பானைக்கு முன் வணங்கலாம். ஒலிபெருக்கியில் ‘அனைவரும் எழுந்து கைகூப்புவோம்’ என்ற அறிவிப்பு மட்டும் வேண்டாம்.

10. கலைஞர்களும் போட்டிகளும்

பறையாட்டம், கரகம், ஒயில், சிலம்பம் என எதற்கு அழைத்தாலும், ஊதியத்தை முன்பே பேசி, பாதியை முன்பணமாகவும் மீதியை ஆட்டம் முடிந்த அன்றே நேரிலும் கொடுத்துவிட வேண்டும். காசோலை தயாராக இரண்டு மாதம் ஆகும் அலுவலகம் என்றால், விழா நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பின்னர் ஈடுசெய்துகொள்ளுங்கள். உடை மாற்றப் பூட்டக்கூடிய அறை, குடிநீர், மற்றவர்களோடு அதே பந்தியில் சாப்பாடு ஆகியவையும் தேவை. பறைக் கலைஞர்களை விருந்தினரை வாயிலிலிருந்து அழைத்துவர மட்டும் பயன்படுத்தாமல், மேடையில் அவர்களுக்கு முழு நேரத்தையும் பெயர் சொல்லும் அறிமுகத்தையும் கொடுங்கள்.

உறியடி, கயிறு இழுத்தல் ஆகியவற்றுக்கான அணிகளைத் துறைவாரியாகப் பிரிக்காமல் சீட்டு எடுத்துப் பிரித்தால் அறிமுகமற்றவர்கள் சேர்வார்கள். உறியடியில் கண்கட்டியவரைச் சுற்றிப் பதினைந்தடி வட்டம் போட்டு, உள்ளே நடுவர் தவிர யாரும் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

11. அடுப்பை அணைத்துக் கணக்கை முடித்தல்

தணலில் தண்ணீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து அணைத்து, செங்கல் கைபொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை அங்கே ஒருவர் நிற்க வேண்டும். சாம்பல் மூடிய தணல் வெளியே தெரியாது. விழா முடிந்தபின் வெறுங்காலோடு ஓடுபவர்கள் காலைச் சுட்டுக்கொள்வது அப்போதுதான். கரும்புச் சக்கையையும் இலையையும் ஒரே குவியலாக்கி உரக்குழிக்கு அனுப்பலாம். இதைக் குழுவினரே செய்ய வேண்டும். மறுநாள் காலை தூய்மைப் பணியாளருக்கு விட்டுவைத்தால், முந்தைய நாள் அவர்களை விருந்தினராக அழைத்ததற்குப் பொருளில்லை.

வரவு செலவை ஒரு வாரத்துக்குள் ரசீதுகளின் படத்தோடு அனைவரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். உண்டியலில் மிஞ்சியது எவ்வளவு, அது எங்கே போகிறது என்பதும் அதில் இருக்க வேண்டும். விழாவுக்கு வராதவர்களிடம் இரண்டே கேள்விகள் கொண்ட பெயரில்லாப் படிவம் ஒன்றை அனுப்பிக் காரணம் கேளுங்கள். வந்தவர்களின் பாராட்டு அடுத்த ஆண்டுக்குப் பெரிதாக உதவாது; வராதவர் ஒருவர் ‘கழிப்பறை தொலைவில் இருந்தது’ என்று எழுதினால் அது உதவும்.

இறுதியாக, குயவர், பந்தல்காரர், கலைக்குழு, சைகை மொழிபெயர்ப்பாளர் ஆகியோரின் தொடர்பு எண்கள், அனுமதிக் கடிதங்களின் நகல், பொருள்களின் அளவுப் பட்டியல், எஞ்சிய பொருள்கள் பூட்டிவைக்கப்பட்டுள்ள அலமாரியின் சாவி ஆகியவற்றைச் சம வாய்ப்புப் பிரிவிலோ மாணவர் நல அலுவலகத்திலோ கையொப்பம் பெற்று ஒப்படைக்க வேண்டும். அடுத்த குழு ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் கூட்டம் ஏற்பாடு செய்யும்போதே அதே பந்தல்காரரும் அதே மொழிபெயர்ப்பாளரும் தேவைப்படுவார்கள்.